அச்சாரமும் அடையாளமும்

ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லை ஒருபுறமும் கன்னட நாட்டு எல்லை மற்றொருபுறமும் நெருங்கி நிற்க, தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து புழங்குகிற ராமகுப்பத்தில், எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்ட ஒருவனுடைய திண்ணைக்கு யாராவது ஒரு காகிதத்தோடு வந்து உட்காருவது அன்றாட சமாசாரம். மனு எழுதித் தரும்படி கேட்பார்கள்; பத்திரத்தைப் படித்துச் சொல்லும்படி கேட்பார்கள். ஆனால் சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை வந்த நண்பர், பட்டுப்புழு வளர்த்தும் தக்காளி பயிரிட்டும் ஜீவனம் செய்கிறவர், ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்டார். அவர் கையில் இருந்தது, கடன் கொடுத்திருந்த ஒரு வங்கி அவருடைய வீட்டு வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போன ஆங்கில அறிவிப்பு. கதவிலிருந்து உரித்தெடுத்ததால், காகிதத்தின் பின்புறத்தில் பசையோடு நீல வர்ணமும் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

"ஐயா, இதுக்கு 'அடையாளம்'னு அர்த்தமாம். பையன் போன்ல பார்த்துச் சொன்னான். சும்மா அடையாளத்துக்குத்தான் எடுத்திருக்காங்க, வூட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்றான். நெசந்தானா?"

வட்டத்துக்குள் இருந்த சொல் 'சிம்பாலிக்'. அதற்கு அடுத்தது 'பொசெஷன்', அதாவது சுவாதீனம்.

பையன் பார்த்த அகராதியில் தவறில்லை. ஆனாலும் அந்த அர்த்தத்தை நம்பிக்கொண்டு அந்தக் குடும்பம் சும்மா இருந்திருந்தால் வீடு கைவிட்டுப் போயிருக்கும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசிச் சட்டப்படி, தவணை தவறி வாராக் கடனாகிவிட்ட ஒரு கணக்குக்கு வங்கி 60 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்புகிறது. அந்த நாட்களுக்குள் பணம் கட்டப்படாவிட்டால், நீதிமன்றத்தின் படி ஏறாமலே அடமானச் சொத்தைத் தன் சுவாதீனத்துக்குக் கொண்டுவர அதற்கு அதிகாரம் உண்டு. விவசாய நிலத்துக்கு இச்சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. வீட்டில் உள்ளவர்களை உடனே வெளியேற்றாமல், வாசற்கதவில் அறிவிப்பை ஒட்டி, 7 நாட்களுக்குள் அந்தப் பிரதேசத்தின் பாஷையில் வெளிவருவது ஒன்று உட்பட இரண்டு முக்கியமான பத்திரிகைகளில் விளம்பரம் செய்துவிட்டுப் போவதைத்தான் 'சிம்பாலிக்' என்ற விசேஷணத்தோடு வழங்குகிறார்கள். வீட்டுக்காரர் அதே வீட்டில் சமைத்து உண்டு உறங்கிக்கொண்டிருப்பார். ஆனால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவதற்கு அவருக்கு உள்ள 45 நாள் கெடு, வங்கி அந்த நடவடிக்கையை எடுத்த தினத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஒட்டிப்போன சுவாதீனம் வேறு, உள்ளே புகுந்து எடுத்த சுவாதீனம் வேறு என்ற பாகுபாட்டுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று, 2006-இல் டிரான்ஸ்கோர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே, குடியிருப்பவரை வெளியேற்ற முடியாத சொத்தில், வாரண்டின் நகலைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி, தண்டோராப் போட்டுத் தெரிவித்து, சுவாதீனம் கொடுத்ததாகக் கொள்ளும் முறை இருக்கிறது. தண்டோராவின் ஓசை தெருவின் மறுகோடியில் தேய்ந்து மறைவதற்கு முன்பே சொத்தின் சுவாதீனம் கைமாறிவிடுகிறது. அந்தக் காகிதத்தில் இருந்த விசேஷணம், பையன் நினைத்தபடி காரியத்தின் கனத்தைக் குறைக்க வந்ததன்று. காரியம் முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அறிவிக்க வந்தது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகத்தோடு அது வரும்போது, கண்ணுக்குத் தெரிகிற சிறிய பொருளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பெரிய பொருள் ஒன்று நிற்கிறது என்று பொருள். மற்றொரு முகத்தோடு வரும்போது, கண்ணுக்குத் தெரிவதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று பொருள். ஒரே சொல் நிறைவையும் சூனியத்தையும் குறிக்க வேண்டியிருப்பதால், ஆங்கிலேயர்கள் முன்னும் பின்னும் வேறு சொற்களைச் சேர்த்து எந்த முகம் என்று காட்டிக்கொள்கிறார்கள். நாமோ, அந்தச் சொல்லைத் தமிழாக்கப் புகுந்தபோது, இரண்டாவது முகத்தை மாத்திரம் பார்த்து, அதன் தலையில் 'அடையாள' என்ற நம்முடைய நல்ல சொல்லை வைத்துக் கட்டிவிட்டோம். அடையாள உண்ணாவிரதம், அடையாள வேலைநிறுத்தம், அடையாள அபராதம் என்று ஐம்பது அறுபது வருஷங்களாகப் பத்திரிகைகளில் படித்துப் படித்து, அடையாளம் என்றாலே ஒப்புக்குச் செய்வது என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் ஊறிப்போயிற்று. பையனுக்கு அகராதி சொல்லிக்கொடுத்ததைவிடப் பத்திரிகைகள் சொல்லிக்கொடுத்தது அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் நம்முடைய பிரயோகம் எவ்வளவு தூரம் வழி தவறிவிட்டது என்பது விளங்கும். கிரேக்க நாட்டில் 'சிம்பலான்' என்பது, இரண்டாக உடைத்த ஒரு பொருளின் பாதி. விருந்தினனாக வந்து தங்கிப் பிரிகிற நண்பனும் வீட்டுக்குரியவனும் ஒரு எலும்புத்துண்டையோ ஓட்டையோ உடைத்து ஆளுக்கு ஒரு பாதியாக எடுத்துக்கொள்வார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு நண்பனோ அவன் மகனோ அந்தப் பாதியைக் கொண்டுவந்தால், வீட்டிலிருக்கும் பாதியோடு சேர்த்துப் பார்ப்பார்கள். விளிம்போடு விளிம்பு பொருந்திவிட்டால், வந்தவனுக்கு உணவும் உறையுளும் கொடுத்தே தீரவேண்டும். 'ஒன்றாகச் சேர்த்து வைப்பது' என்பதே அந்தச் சொல்லின் தாதுவுக்கு அர்த்தம். தனியே கிடந்தால் ஓட்டாஞ்சில்லு. மறுபாதியின் முன்னிலையில் அதுவே ஒரு கடன்பத்திரம்.

இப்படிப்பட்ட பொருளுக்கு நம்மிடம் பெயர் இல்லையா என்று கேட்டால், எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைக்கு ஒரு தரம் வந்து பார்த்தால் போதும் என்பேன். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தம் கையின் மேலும் வாங்குகிறவர் கையின் மேலும் போர்த்துக்கொண்டு, வாயால் ஒரு வார்த்தையும் சொல்லாமல், துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்தும் விட்டும் விலை பேசுகிறார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பேரம் படிந்ததும் துண்டு விலகுகிறது. வாங்குகிறவர் மடியை அவிழ்த்து, மாட்டின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெறாத ஒரு நோட்டை எடுத்து விற்பவர் கையில் வைக்கிறார். அவர் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொள்கிறார். அதற்குப் பெயர் அச்சாரம். அந்தக் கணத்துக்குப் பிறகு, அதே மாட்டுக்கு இரட்டிப்பு விலை கொடுக்க வேறொருவர் வந்து நின்றாலும், "அச்சாரம் வாங்கியாச்சு" என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். கொடுத்தவர் மீதிப் பணத்தோடு வராவிட்டால் அச்சாரப் பணம் போவது கிடக்கட்டும், மறுசந்தையில் அவரோடு கைகோக்க எந்தத் தரகரும் முன்வரமாட்டார்.

கைமாறிய தொகை அற்பம். அதனால் கட்டுண்டது முழு விலையும் இரண்டு மனிதருடைய வார்த்தையும். கிரேக்கருடைய ஓட்டாஞ்சில்லுக்கும் எங்கள் சந்தையின் அச்சாரத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்துக்கொண்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைக்கத் தோன்றுகிறது. ரூபாய் நோட்டேகூட, இன்ன தொகையைத் தருவதாக வாக்குக் கொடுத்து ரிசர்வ் வங்கியின் கவர்னர் கையெழுத்திட்ட காகிதந்தானே!

'அடையாளம்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் இந்தப் பலத்தோடுதான் இருந்தது. அனுமன் அசோகவனத்தில் சீதையின் முன் வைத்த கணையாழி அடையாளம். அவள் திருப்பிக் கொடுத்தனுப்பிய சூடாமணியும் அடையாளம். ஒன்று 'உன்னை நான் தேடுகிறேன்' என்று வந்தது. மற்றொன்று 'நான் காத்திருக்கிறேன்' என்று போனது. அவற்றின் மீதியாக, கடலுக்கு அணை கட்ட வேண்டியதாயிற்று. ஒரு யுத்தமே நடக்க வேண்டியதாயிற்று. இன்னும் நெருங்கிய உதாரணம் கண்ணகியின் சிலம்பு. ஜோடியில் ஒன்று கோவலனோடு மதுரைக் கடைவீதிக்குப் போய்த் திருட்டுப் பொருளென்ற பழியோடு அரண்மனைக்குள் சென்றுவிட்டது. மற்றொன்று அவள் கையில் இருந்தது. தன் சிலம்பில் மாணிக்கம் என்று சொன்ன அவள், அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் சொன்னபின் அரண்மனைச் சிலம்பை உடைத்தபோது, மறுபாதி தன் ஜோடியோடு பொருந்திவிட்டது. பாண்டியன் தன் உயிரை மீதியாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தான். தெலுங்கிலும் இந்தப் பலம் இன்னும் வற்றிப்போகவில்லை. தேர்தல் சின்னத்துக்கு எங்கள் ஊர்த் தெலுங்கில் 'குர்து' என்பார்கள். ஞாபகத்துக்கும் 'குர்து' என்றுதான் பெயர். 'குர்து லேது' என்றால் நினைவில்லை என்று அர்த்தம். 1951-52 முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். அன்று அந்தப் பெட்டியில் வோட்டுப் போட்ட எழுத்தறியாத கிழவிக்கு அந்தச் சின்னம், கொடுத்த வாக்கை நினைவில் வைத்திரு என்று வேட்பாளருக்கு இட்ட கட்டளையாகவும் இருந்தது.

சிறிய செய்கை ஒன்று பெரிய காரியத்துக்கு அச்சாரமாவது எப்படி என்பதை, எங்கள் ஊரிலிருந்து தென்மேற்கே ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி செய்து காட்டியிருக்கிறார். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து வேதாரண்யத்தை அடைந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் அவர் எடுத்த உப்பு எவ்வளவு? ஒரு வீட்டின் ஒரு நாள் சமையலுக்குக்கூடப் போதியிராது. சர்க்காருடைய வருமானத்தில் அதனால் ஒரு தம்பிடி குறைந்திராது. அது 'சிம்பாலிக்' செய்கைதான். ஆயினும் அதை ஒப்புக்குச் செய்தது என்று சொல்ல யாருக்கு நா எழும்? தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டிருந்ததால், வழியிலிருந்த கிராமத்து ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு மறைந்துபோனார்கள். பொட்டலத்தைக் கட்டினவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பொட்டலமும் அந்த ஒரு பிடி உப்புக்கு மறுபாதியாக இருந்தது. மீதியைச் சிறையில் கட்டினார்கள்.

இந்தக் கணக்கு நம்முடைய முன்னோருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. ஆநிரையைக் காத்து மாண்ட வீரனுக்கு நடுகல் எடுக்கும் வழக்கம் எங்கள் மலைகளின் இருபுறத்திலும் உண்டு. செங்கத்தை அடுத்த எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்றில், கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்குப் பக்கத்தில், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூட மறவாமல் எழுதி வைத்த அந்த ஜனங்கள், கல்லை நட்டதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடவில்லை. இப்படி ஊருக்காக இறந்தவனுடைய குடும்பம் உழுது உண்ண நிலம் விட்ட செய்திகள் கல்வெட்டுகளில் வருகின்றன. அந்த நிலத்துக்கு நெத்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று பெயர். கன்னட நாட்டில் அதையே நெத்தரு கொடகை என்றார்கள். கல் அச்சாரம், நிலம் மீதி.

ஆகவே, இந்த விசேஷணத்தை நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. பின்னால் ஒன்றுமே இல்லாத காரியத்துக்கு 'பெயரளவு', 'ஒப்புக்கு', 'கண்துடைப்பு' என்று தமிழில் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றை எழுதக் கூசுகிறவர்கள்தாம் 'அடையாள' என்ற மரியாதையான போர்வையைத் தேடுகிறார்கள். ஒரு நாள் பட்டினி கிடந்தால் 'ஒரு நாள் உண்ணாவிரதம்' என்று எழுதினால் போதும். பின்னால் பெரிய வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டி அறிவிக்கும் ஒரு நாள் நிறுத்தத்துக்கு 'எச்சரிக்கை வேலைநிறுத்தம்' என்பது பொருத்தமாக இருக்கும். சட்டத்து விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். 'அடையாளச் சுவாதீனம்' என்றோ 'குறியீட்டுச் சுவாதீனம்' என்றோ எழுதுவதை நிறுத்திவிட்டு, 'அறிவிப்பு ஒட்டி எடுத்த சுவாதீனம்' என்று எழுதி, மனுப் போடக் கடைசித் தேதி இன்னது என்பதையும் அதே விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். சொல் நீளமாகிவிடும் என்று ஆட்சேபிப்பவர்கள், சொல் குட்டையாக இருந்ததால் வீட்டை இழந்தவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

எங்கள் பக்கத்தைப் பொறுத்தவரை, மீதி கட்டப்படாத அச்சாரம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில், திராவிட மொழிகளின் ஒற்றுமைக்குச் சின்னமாக, 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள். அது நல்ல காரியம். அதன் வளாகத்தில் திராவிட மொழிகள் ஒருங்கே ஆராயப்படுவதை நினைத்து நான் பெருமைப்படுகிறவன். ஆனால் அதற்குச் சில மைல் தூரத்தில், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, தமிழில் ஓர் எழுத்துக்கூட அறியாமல் பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிற குழந்தைகள் எத்தனையோ பேர். மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கப் போதிய வசதி செய்ய முயலவேண்டும் என்று, 1956-இல் அரசியல் சாசனத்தில் சேர்த்த 350-ஏ பிரிவு சொல்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருக்கும் தெலுங்குக் குழந்தைகளுக்கும் இதே கடன் பாக்கி இருக்கிறது. பல்கலைக்கழகம் என்ற பாதியை நட்டுவிட்டு, பள்ளிக்கூடம் என்ற மறுபாதியை யாரும் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கவில்லை.

அன்று மாலை என் நண்பரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அறிவிப்பில் இருந்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் நாள் நடந்துகொண்டிருந்தது. சித்தூரில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "ஞாபகமா எழுதிக் குடுத்துடுங்க ஐயா, அவருகிட்டக் காட்டணும்" என்றார். காகிதத்தைத் திருப்பி, நீல வர்ணச் செதில்களுக்கு நடுவில் இடம் பார்த்து, 'வீடு இன்னும் போகவில்லை. இன்னும் பதினான்கு நாளைக்குள் மனுப் போடவேண்டும். அல்லது ஏல விளம்பரம் வருவதற்கு முன் பணம் கட்ட வேண்டும்' என்று எழுதத் தொடங்கியபோது அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்; படித்தது தெலுங்குப் பள்ளியில். ஆகையால் அதே தமிழ் வாக்கியத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். திண்ணை விளக்கின் கீழ் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, இரண்டு தரம் உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சித்தூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.